மூடியைத் திறக்கிற வீடு

எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரும் வெளியில் வாங்கிய சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போனதில்லை. அப்பா காலத்தில் இல்லை, என் காலத்திலும் இல்லை. ஒரே ஒரு முட்டை இருந்த நாளில் அந்த முட்டையை நறுக்கிப் பரிமாறியிருக்கிறோம். வந்தவரும் வயிறு நிறைந்ததுபோல எழுந்து கை கழுவியிருக்கிறார். வீட்டின் மரியாதை வீட்டு அடுப்பில் இருக்கிறது என்பது அப்பாவின் வாக்கு.

அவர் வைத்த இன்னொரு சட்டமும் உண்டு. அடுப்பில் பாத்திரம் இருந்தால் அந்தப் பக்கம் போகிற யாரானாலும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். சமைப்பது ஒருவர் வேலை, பார்ப்பது எல்லார் வேலை. பாராமல் போகிறவனைப் பார்த்து, "இது என்ன சத்திரமா?" என்பார் அப்பா. அதனால் எங்கள் வீட்டில் எதுவும் அடிப்பிடித்ததில்லை. நானும் என் தங்கையும் நடக்கப் பழகியதே மூடிக்கு எட்டத்தான் என்று அம்மா கேலி செய்வாள்.

என் மனைவி காலமான பிறகுதான் சிக்கல் வந்தது. தங்கை வீட்டுக்காரரான மாப்பிள்ளைக்குச் சொந்தமாக ஓட்டல் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலோ எங்கள் வீட்டிலோ சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். சென்ற முறை எங்கள் வீட்டில் என் மகன் பன்றி விலா எலும்பு சமைத்தான். மாப்பிள்ளை ஒரு துண்டை வாயில் போட்டு, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் மாற்றி மாற்றி மென்று, கடைசியில் தண்ணீர் குடித்து விழுங்கினார்.

"மச்சான், இது பன்னியா, பன்னி போட்டிருந்த செருப்பா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அது இன்னும் பெரிய தோல்வி. ஆனால் அடுத்த வாரம் போனில் அவர் சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்க வீட்ல பசங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. எதுக்கு மச்சான் கஷ்டம்? இனிமே உங்க முறை வந்தா நம்ம கடையிலேர்ந்து நானே எடுத்துட்டு வந்துடறேன்."

"மாப்ளே, விருந்தாளி சோத்தைக் கட்டிக்கிட்டு வர்ற வீடு எங்க வீடு இல்லை. அதே விலா எலும்பைத்தான் இந்தத் தடவையும் வைக்கப் போறேன். சரியா வரலைன்னா, அதுக்கப்புறம் காலம் பூரா உங்க கடைச் சாப்பாடுதான். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"பேச மாட்டீங்களா? இதை நான் உங்க தங்கச்சியை சாட்சி வெச்சுல்ல கேட்கணும்!"

"வெச்சுக்கோங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை. குறைவாகப் பேசுகிறவள், பேசினால் அளந்து பேசுகிறவள். "மாமா, ஸ்லோ குக்கர்ல வெச்சா வரும். நான் செய்யறேன்" என்றாள்.

அந்தப் பாத்திரம் அவள் வாங்கியது. அலமாரியின் மேல் கிடந்தது. மின்சாரத்தில் ஓடுகிற கனத்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. தீ இல்லை, சத்தம் இல்லை. அடுப்பு என்றால் கொஞ்சமாவது இரைய வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் சொன்ன விதத்தில் ஓர் உறுதி இருந்தது. சரி என்றேன்.

சனிக்கிழமை மாலை நானே கடைக்குப் போய்ச் சதைப்பற்றான விலாவாகப் பார்த்து வாங்கி வந்தேன். மருமகள் எலும்பின் உள்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய சவ்வைக் கத்தி முனையால் கிளப்பி, துணியால் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள். "போன தடவை இதை உரிக்காம விட்டுட்டாரு. மசாலா எப்படி உள்ளே போகும்?" என்றாள். மகன் கூரையைப் பார்த்தான். உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், பழுப்புச் சர்க்கரை, நசுக்கிய பூண்டு எல்லாம் தடவி ஃபிரிட்ஜில் வைத்தாள். மறுநாள் விடியும் முன் எழுந்து, வெங்காயத்தை அடியில் பரப்பி, விலாவைச் சட்டியின் சுவரோடு வளைத்து நிற்கவைத்து, கொஞ்சம் வினிகரும் ஆப்பிள் சாறும் ஊற்றி, மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு அரை நாள் வேலை.

வாசலில் செருப்பைப் போட்டபடி, "மாமா, நான் வர்ற வரைக்கும் மூடியைத் திறக்கக் கூடாது" என்றாள்.

"நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவள் சொன்னது மகனுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நான் ஆலையில் கொதிகலன் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். என் பொறுப்பில் இருந்த எதையும் பாராமல் விட்டதில்லை. பேப்பர் படித்து முடித்ததும் போய்ப் பார்த்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தேன். கண்ணாடியில் நீர் முத்து முத்தாகப் படிந்து உள்ளே எதுவும் தெரியவில்லை. தெரியாவிட்டால் திறக்கத்தானே வேண்டும்? மணம் பிரமாதமாக வந்தது. மூடினேன். மகன் அறையைவிட்டு வந்தவன், நான் கூடத்துக்குப் போகும்வரை காத்திருந்து அடுக்களைக்குள் நுழைந்ததைக் கவனித்தேன். நல்ல பிள்ளை, வளர்ப்பு சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கை, கணவருக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கையில் பழங்கள். அவற்றை மேசையில் வைப்பதற்கு முன்பே அடுக்களையில் மூடிச் சத்தம் கேட்டது.

"அண்ணே, வாசம் தூக்குது! இன்னைக்கு அவரு வாயை அடைச்சுடலாம்."

"நீ யார் கட்சி?"

"சாப்பிடற வரைக்கும் உங்க கட்சி. வீட்டுக்குப் போனப்புறம் அவரு கட்சி. நான் பொழைக்கணும்ல?"

அதற்குப் பிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனாலும் ஒரு பார்வை, தட்டு எடுக்கப் போனாலும் ஒரு பார்வை.

மதியம் மருமகள் திரும்பி வந்தாள். அவள் பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார். சட்டையை இஸ்திரி போட்டு, வயிற்றைக் காயப் போட்டு வந்திருந்தார். நேராக அடுக்களை வாசலில் நின்று பாத்திரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மச்சான், அடுப்பையே காணோம்? இதுல குளிக்கத் தண்ணிதானே சுட வைப்பாங்க?"

"உட்காருங்க மாப்ளே. வரும்."

மருமகள் மூடியைத் திறந்தாள். இடுக்கியால் ஓர் எலும்பைப் பிடித்துத் திருகினாள். அது அசையவில்லை. மறுபடி திருகினாள். சதை எலும்பைவிட்டுக் கொஞ்சமும் பின்வாங்கவில்லை. அவள் மூடியைப் போட்டுவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு திறந்தது?"

மகன் மேசைவிரிப்பைச் சரிசெய்தான். தங்கை பழங்களைத் துடைக்க ஆரம்பித்தாள். இந்த மாதிரி நேரத்தில் வீட்டுப் பெரியவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்புறம் அவன் என்ன பெரியவன்?

"நான்தாம்மா" என்றேன்.

"ஒரு தடவையா?"

"போகும்போதும் வரும்போதும்."

"நானும்தான்" என்றான் மகன்.

"நானும் லேசா..." என்றாள் தங்கை.

மருமகள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "ஒவ்வொரு தடவை திறந்தாலும் உள்ளே இருக்கிற சூடு வெளியே போயிடும் மாமா. இதுக்குத் தீ கிடையாது. மறுபடி சூடேற ரொம்ப நேரம் ஆகும். அது வேகவே இல்லை, திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சுக்கிட்டே இருந்திருக்கு" என்றாள்.

மாப்பிள்ளை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "காவல்காரங்க அதிகமானா இப்படித்தான்" என்றபடி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "கடையில எல்லாம் சுடச்சுட இருக்கு. ஒரு வார்த்தை சொன்னா போதும், வந்துடும். பேச மாட்டேன்னு சொன்னீங்க மச்சான், ஞாபகம் இருக்கில்ல?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் கை துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டு நின்றாள். தோற்றால் அது அவள் தலையில்தான் விழும். 'ஏதோ மெஷின்ல வெச்சாளாம்' என்று ஊர் பேசும். திறந்தது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

"போனை வைங்க மாப்ளே. நான் சொன்னது, சரியா வரலைன்னா. சீக்கிரம் வரலைன்னான்னு சொல்லலை."

"இது என்ன வக்கீல் பேச்சு!"

"நியாயப் பேச்சு. உங்க மனைவியைக் கேளுங்க, அவதான் சாட்சி."

"அண்ணன் சொன்னது சரிதாங்க" என்றாள் தங்கை. "போன்ல நானும் கேட்டேன். சரியா வரலைன்னான்னுதான் சொன்னாரு."

மாப்பிள்ளை அவளை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் போன் பைக்குள் போயிற்று.

மருமகள் குமிழைத் திருப்பிச் சூட்டைக் கூட்டினாள். நான் கூடத்திலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பாத்திரத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். "இனிமே இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது. திறக்கிறது மருமகள் மட்டும்தான். நான்கூடத் திறக்க மாட்டேன்."

"தாத்தா வெச்ச சட்டம்?" என்றான் மகன்.

"அது அடுப்புக்கு. தீயிருந்தா பார்க்கணும். இது கொதிகலன் மாதிரி. கொதிகலனை எவன்டா நடுவுல திறப்பான்?" என்றேன். அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். சட்டம் தெரிந்தவனுக்கு அதன் எல்லையும் தெரிய வேண்டும்.

காத்திருந்தோம். பசி வந்தது. தங்கை பழம் நறுக்கிக் கொடுத்தாள். மாப்பிள்ளை ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்தார். ஒவ்வொரு முறையும் வாசலில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். எத்தனையோ வருடமாக ஓட்டல் நடத்துகிறவருக்கு வேகிற பாத்திரத்தைச் சும்மா விட முடியுமா? ஒரு தடவை என் தோளுக்கு மேலாக அவருடைய கை நீண்டது.

"கையை எடுங்க மாப்ளே."

"தொட்டுப் பார்த்தேன் மச்சான். சூடு இருக்கான்னு."

"இருக்கு."

சிரித்துவிட்டுப் போனார். பசி மணத்தோடு சேர்ந்தால் மனிதன் இளகிவிடுவான்போல.

வெயில் சாயத் தொடங்கியபோது மருமகள் மூடியைத் தூக்கினாள். எலும்பைத் திருகினாள். அது கையோடு வந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை ஓரமாக நகர்த்தினேன்.

விலாவை உடையாமல் தூக்கித் தட்டில் பரப்பினாள். அடியிலிருந்த சாற்றை வடிகட்டி, மிதந்த கொழுப்பை வழித்து, சோயா சாஸும் வினிகரும் சேர்த்து வாணலியில் சுண்டவைத்தாள். மகன் ஓவனைச் சூடாக்கினான். சாறு குமிழ்விட்டுக் குழம்பாக இறுகிக்கொண்டிருந்தபோது அவள் தேன் பாட்டிலை எடுத்தாள்.

"இப்ப வேணாம்மா!" மாப்பிள்ளை அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டார். "இறக்கறப்ப போடு. இப்பவே போட்டா வாணலியிலேயே கருகிடும்." சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பிரஷ்ஷைக் குடு. பூச்சு ஒரே தடவையில போடக் கூடாது. ஒண்ணு காயணும், அப்புறம் அடுத்தது."

நான் குறுக்கே நின்றேன். "நீங்க போய் உட்காருங்க மாப்ளே. விருந்தாளி அடுக்களைக்கு வர்றது எங்க வீட்ல கிடையாது."

அவர் பிரஷ்ஷுக்காக நீட்டிய கையை இறக்கினார். முகத்தில் கேலி இல்லை.

"மச்சான், உங்க தங்கச்சியைக் கட்டி என் தலை நரைச்சுப் போச்சு. இன்னும் நான் விருந்தாளிதானா? வந்தா நாற்காலியைப் போடறீங்க, முதல் தட்டை வைக்கிறீங்க, எப்படியிருக்குன்னு கேட்கறீங்க. ஒரு நாள் ஒரு டம்ளர் எடுத்து வைங்கன்னு சொன்னதில்லை. அதான் சாப்பாட்டையாவது கொண்டு வர்றேன்னேன். உங்களை மட்டம் தட்டவா சொன்னேன்?"

தங்கை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால், இதை வீட்டில் பல முறை கேட்டவள்போல இருந்தது.

அவருக்கு எந்த மரியாதையிலும் குறை வைத்ததில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். குறை வைக்கவும் இல்லை. ஆனால் நான் வைத்தது வாசலில் வைக்கிற மரியாதை. அவர் கேட்டது உள்ளே ஓர் இடம்.

இது வீட்டு விஷயம், வீட்டு வழக்கப்படிதான் தீர்க்க வேண்டும்.

"வீட்டு ஆள்னா கடைசியிலதான் சாப்பிடணும். இங்க அதான் வழக்கம்" என்றேன்.

"சரி."

"மிச்சம் என்ன இருக்கோ அதுதான்."

"அதான் சரின்னுட்டேனே மச்சான்! குழம்பு இறுகுது, நகருங்க!"

பிரஷ்ஷை மருமகள் கையிலிருந்து வாங்கி நானே அவரிடம் கொடுத்தேன்.

அவர் பூசினார், மருமகள் ஓவனில் வைத்து எடுத்தாள். "இன்னொரு பூச்சு" என்றார் அவர். "போதும், உப்பு ஏறிடும்" என்றாள் அவள். அவள் சொன்னதே நின்றது. விலா மேசைக்கு வந்தபோது பழுப்பும் சிவப்புமாக, விளக்கு வெளிச்சம் வழுக்கி விழுகிற மாதிரி பளபளத்தது. முதல் தட்டை இத்தனை வருடமாக மாப்பிள்ளைக்குத்தான் வைப்பேன். இன்று விடியும் முன் எழுந்த மருமகளை உட்காரவைத்து அவளுக்கு வைத்தேன். மாப்பிள்ளை அவளுக்குக் குழம்பை ஊற்றினார். தங்கை வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, சதை எலும்பைவிட்டு நழுவியதும் சொல்ல வந்ததை மறந்துவிட்டாள். மகன் எலும்பை உறிஞ்சிய சத்தத்தைக் கண்டிக்க நினைத்தேன். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

எல்லோரும் எழுந்த பிறகு மாப்பிள்ளை உட்கார்ந்தார். ஓரத்துத் துண்டுகளும் சட்டியின் அடியில் இருந்த வெங்காயமும்தான் மிச்சம். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எலும்பு ஒவ்வொன்றும் வெள்ளையாகத் தட்டின் ஓரத்தில் சேர்ந்தது.

எப்படியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அது விருந்தாளியிடம் கேட்கிற கேள்வி.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை எங்கே கழுவுவது என்று கேட்டார். காட்டினேன்.