கையை எடுத்தால் ஊளையிடும்

சிவப்பா நீலமா என்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் கிட்டாருக்கான ப்ரீஆம்ப் மாட்யூல்கள். உள்ளங்கையில் அடங்கும் பலகைதான், ஆனால் கம்பியின் முனகலை உறுமலாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். தன் இசைக்குழுவுக்கு எது சரிப்படும் என்று வாடிக்கைக்காரன் குகன் கேட்டிருந்தான். மலை மேல் அட்டுவம்பட்டியில், வீட்டு முன்னறையிலேயே கிட்டார் ரிப்பேர் செய்கிறவன் நான். அசீமைக் கேட்டால் ஆராயாமல் சொல்லமாட்டான் என்ற பேர் எனக்கு உண்டு. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

சிவப்பு மெட்டல் இசைக்கென்றே செய்தது. வெட்டி வெட்டி அடிக்கும், கை நின்றால் தானும் வாயை மூடிக்கொள்ளும். நீலம் ராக் வகை. தடவினால் பாடும், ஓங்கினால் கத்தும். ஆனால் அதற்கு வாயை மூடத் தெரியாது. சும்மா இருக்கும்போதும் 'உஸ்' என்று இரையும். கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாலோ, ஸ்பீக்கரின் அதிர்வே கம்பியை ஆட்டி, தானாக ஊளையிட ஆரம்பித்துவிடும். காலையில் ஒருமுறை ஊளையிட்டதற்கே பக்கத்து வீட்டு ஜோதிமணி அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"ஏன் தம்பி, உள்ள யாரையாச்சும் கொல்றீங்களா?"

இதில் என் அதிகப்பிரசங்கித்தனம் வேறு. சோதனை சுத்தமாக இருக்கவேண்டும் என்று கிட்டாரின் வால்யூம் திருகைக் கழற்றிவிட்டு, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பை நேராக ஒயரில் பற்றவைத்திருந்தேன். சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் கதவோரம் இருந்த ஆம்ப் பெட்டி வரைக்கும் போகவேண்டும்.

பனிமஞ்சு இறங்கியிருந்தது. செண்பகனூருக்குப் போன என் மனைவி நஜ்லா வரும் நேரம் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தேன். நீலத்தில் மெதுவாக ஒரு ரிஃப், நாலைந்து சுரத் துணுக்கு, வாசித்து முடித்து, இரண்டு உள்ளங்கைகளாலும் கம்பிகளை அமுக்கிக்கொண்டு நிமிர்ந்தேன்.

கேட்டுக்குள் நஜ்லா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு காட்டெருமை நின்றது.

 நான் பழனி கடைவீதியில் வளர்ந்தவன், மாட்டுக்கே ஒதுங்கிப் போகிறவன். நஜ்லா இங்கேயே பிறந்தவள். "அதுக்கு நம்ம மேல கோவம் ஒண்ணும் இல்லைங்க, திடீர்ச் சத்தம்தான் ஆகாது. கேட்டா எதுக்கால நிக்கிறவங்க மேல பாஞ்சிரும்" என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அதன் எதிரில் நிற்பவள் அவள்தான். ஆறு மாத வயிறு, ஓடவும் முடியாது.

என் கையோ ஊளையின் மேல் இருந்தது. எடுத்தால் அலறும். ஒயரைப் பிடுங்கினால் அதைவிடப் பெரிதாக வெடிக்கும். ஆம்ப் பக்கம் போகலாமென்றால் அது எருமையின் கடைக்கண்ணில் படும் இடத்தில் இருந்தது. சிவப்பு மாட்யூல் மேசையில் சமர்த்தாகக் கிடந்தது. ஐயோ, அதையே மாட்டியிருக்கக்கூடாதா!

நஜ்லா ஒரு அடி பின்வாங்கினாள். காலடியில் ஜல்லி நறநறத்தது. எருமை தலையைத் தாழ்த்திச் சீறியது. அவள் கை வயிற்றைப் பொத்திக்கொண்டது. அல்லாஹ் என்று வாய்க்குள் முனகினேன்.

என்னை அறியாமல் உள்ளங்கை கொஞ்சம் தளர்ந்திருக்கவேண்டும். ஸ்பீக்கரிலிருந்து கீழ்க்குரலில் ஒரு ரீங்காரம் எழுந்தது. எருமையின் காது என் பக்கம் திரும்பியது. பிறகு தலையும் திரும்பியது.

திடீர்ச் சத்தம்தானே ஆகாது? மெதுவாக வந்தால்? உள்ளங்கையை இன்னும் ஒரு நூல் தளர்த்தினேன். ரீங்காரம் கனத்தது. அலறலாகப் போகிறபோது அமுக்கினேன், அடங்கப் போகிறபோது தளர்த்தினேன். எருமை என்னைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. அதன் பின்னால் நஜ்லா அடி அடியாக வேலியோரம் நகர்ந்தாள்.

நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க முடியவில்லை. வாசல் அகலம் முழுவதையும் அந்த உடம்பு அடைத்து, தலை உள்ளே நீண்டது. அதன் ஈர மூச்சு என் முகத்தில் அடித்தது. பயத்தில் எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதன் தோளுக்கு மேலே, ஜோதிமணி அக்கா நஜ்லாவின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுப்பதும் கதவு சாத்துவதும் தெரிந்தது.

இனிப் பாய்ந்தாலும் என்மேல்தான். இரண்டு கைகளையும் எடுத்தேன்.

நீலம் அதன் காதடியிலேயே ஊளையிட்டது. எருமை துள்ளித் திரும்பி, கேட்டைப் பெயர்த்துக்கொண்டு மஞ்சுக்குள் ஓடிவிட்டது. நான் மறுபடி கம்பிகளை அமுக்கினேன். ஊளை நின்றது, ஆனால் சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கர் தடதடவென்று விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டு ஜன்னலைத் திறந்து நஜ்லா கத்தினாள்.

"என்னங்க! அது போயிருச்சுங்க! இன்னும் என்னத்துக்கு வாசிச்சுக்கிட்டிருக்கீங்க?"

"நான் வாசிக்கலை நஜ்லா," என்றேன். "கை நடுங்குது."