வெள்ளம் பார்த்துப் போட்ட மாத்திரை

எல்லப்பன் இரண்டு தடவை தூங்கிக் கோட்டை விட்டான். மூன்றாவது தடவையும் தூங்கினால் அந்த வருஷம் முழுக்க அவனுக்குப் பாடு கிடையாது. பாடு என்றால் ஏரி முகத்துவாரத்தில் இறால் வலை கட்டும் இடம். ஊரில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை சுற்றி வரும். விடிவதற்குள் படகு அங்கே நிற்காவிட்டால் அன்றைய முறை பங்காளி மாணிக்கத்துக்கு. அவனோ எல்லப்பன் எப்போது கொட்டாவி விடுவான் என்று வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற ஜென்மம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் எல்லப்பன் பத்து நாள் தூங்கவே இல்லை. கரையில் கிடந்த அத்தனை படகுக்கும் ரோஸ் பெயின்ட் அடித்தான். பொன்னேரி பஸ்ஸை மறித்து எல்லோருக்கும் பிரியாணி என்று அறிவித்தான். அப்புறம் மூன்று மாதம் பாயை விட்டு எழவில்லை. ஊர் அதைக் காத்து கருப்பு என்று முடித்துக்கொண்டது. பொன்னேரி மனநல டாக்டரம்மா லித்தியம் மாத்திரை கொடுத்தது பொண்டாட்டி தேசம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் ஒரு வகை உப்புதானாம். உப்புத் தண்ணீரிலேயே ஊறுகிறவனுக்கு உப்பையே மருந்தாக வைத்த கடவுளுக்குக் குசும்பு கொஞ்சம் ஜாஸ்திதான்.

இத்தனை நாள் தேசம்மாதான் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தை மாதம், "இனிமே நீயே போட்டுக்க, நான் இன்னா உன் நர்ஸா?" என்றுவிட்டாள். அதிலிருந்துதான் தூக்கம் கண்ட நேரத்தில் வந்தது. இரண்டாவது முறையும் போனதும் பொன்னேரிக்கு ஓடினான்.

"தினம் ஒரே நேரத்துக்குப் போடுறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரு நாள் தப்பல மேடம். வெள்ளம், அதான் கடத் தண்ணி, ஏறுறப்போ கரெக்டா போட்டுடுவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "முந்தாநாள் எத்தனை மணிக்கு?"

"ரெண்டு."

"நேத்து?"

"மூணு கிட்ட."

வெள்ளம் தினமும் முக்கால் மணி தள்ளித்தான் ஏறும். அது நண்டுக்கே தெரியும்.

"மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குங்க. இந்த மருந்தே அதைக் கொஞ்சம் மெதுவா ஓட வைக்கும். நீங்க வேற தினம் முள்ளைத் தள்ளிக்கிட்டே போறீங்க. ராத்திரி ஒன்பது மணி, அவ்வளவுதான். தூக்கம் சரியாகறதுக்கு மூணு வாரம் ஆகும்."

அவன் பாடு வியாழக்கிழமை. நடுவில் ஐந்தே நாள்.

மாத்திரையை நிறுத்தினால் தூக்கம் தானாக ஓடிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் பத்து நாளை நினைத்தாலே பயமாக இருந்தது. அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தான் என்று நினைத்தால் இன்னும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். குடித்துவிட்டுப் படுத்தேன் என்றால் ஊர் சிரித்து மன்னித்துவிடும். பாதிப் பேர் அந்த ஜாதிதான்.

"இன்னாடா எல்லப்பா, மறுபடியும் சரக்கா?" என்றார் ஊர்த்தலைவர் வீரராகவன்.

"இல்லண்ணா. மூளைக்கு மருந்து துன்றேன். தெனம் துன்னணும். தூக்கம் இன்னும் சரியாவல. வியாழக்கெழம நானா எழுந்துப்பேன்னு சத்தியம் பண்ண முடியாது. யாராச்சும் எழுப்பி வுடுங்க."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். காது கொதித்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கலைந்து போனார்கள். ஏசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வியாழக்கிழமை வானம் வெளுக்கும் முன்னே முகத்தில் ஒரு குடம் தண்ணீர் விழுந்தது. அலறிக்கொண்டு எழுந்தான். குடம் மாணிக்கம் கையில் இருந்தது. தேசம்மா கதவைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"எழுந்திர்றா மெண்டலு! வலைய தூக்கு!"

"நீயாடா? நான் தூங்கனா பாடு உனுக்குத்தானே!"

"வாய மூடிக்னு வாடா."

கரை வரைக்கும் மாணிக்கம்தான் வலையைச் சுமந்தான். படகைத் தள்ளிவிட்டு, விளிம்பை விடாமல் முழங்கால் தண்ணீரில் நின்றான்.

"அந்த டாக்டரம்மாகிட்ட போவணும்னா பொன்னேரில எங்க எறங்கணும்?" என்றான். "எம் பொண்ணு பாய வுட்டு எழுந்து ரெண்டு மாசமாவுதுடா."

எல்லப்பன் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"ஏறு. போய்க்கினே சொல்றேன்."