திரைக்கு வராத கேள்விகள்

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க," என்றார் டாக்டர்.

"யாரும் கை வைக்கக் கூடாது," என்றாள் அவள், உள்ளே நுழைந்தபடியே.

ஹெல்மெட் இன்னும் கையில் இருந்தது. பின்னால் கணவன் வந்து நின்றான். ரத்த வங்கியின் சின்ன அலுவலக அறை. சுவரோடு ஒரு மேசை, மேசையில் கணினி. திரை கறுப்பு. மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"அண்ணி, நல்ல வேளை வந்தீங்க," என்றாள் நாத்தனார். வங்கிக்குப் பொறுப்பு அவள்தான். "உங்க வீட்டுக்காரர் பண்ணி வச்சிருக்கிற வேலையைப் பாருங்க."

"உன் அண்ணன்தான்," என்றாள் அவள்.

"இந்த விஷயத்துல உங்க வீட்டுக்காரர்."

இரவு மின்சாரம் போயிருந்தது. ஜெனரேட்டர் உடனே எழவில்லை. எவ்வளவு நேரம் கழித்து எழுந்தது என்று காவலாளிக்கும் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து அறையில் இரண்டு குளிர்பெட்டிகள் நிறைய ரத்தப் பைகள். உள்ளே சூடு ஆறு டிகிரியைத் தாண்டியிருந்தால் பைகள் குப்பைக்கு. தாண்டவில்லை என்று காட்டப் பதிவு இல்லாவிட்டாலும் குப்பைக்கு. அதுதான் விதி. மாடியில் அறுவைக்கு ஒரு பெண் காத்திருந்தாள். அவளுடைய வகை ரத்தம் இலேசில் கிடைக்காது. இங்கே இரண்டு பெட்டியிலும் கொஞ்சம் இருந்தது.

பெட்டிகளின் சூட்டை அளந்து வரி வரியாகத் திரையில் காட்டும் நிரலை அவளும் கணவனும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். பெரும்பகுதி அவள். கணினிக்கும் அளவிகளுக்கும் தனி பேட்டரி உண்டு. ஆகவே இரவில் நிரல் விழித்துத்தான் இருந்திருக்க வேண்டும்.

"பதிவு வேணும்னு கேட்டது நான்தான்," என்றாள் நாத்தனார். "நேத்து காலையில வந்து ஒரே ஒரு வரி சேர்த்தான். இனிமே திரையில ஓடாது, எல்லாம் ஃபைல்ல விழும்னான். விழுந்துச்சா? நேத்து சாயங்காலத்தோட நிக்குதுன்னு அவனே சொல்றான்."

அவள் கணவனைப் பார்த்தாள். "என்ன போட்டீங்க?"

"ஃப்ரீஓப்பன்."

"ஃப்ரீயா கிடைச்சுதுன்னு போட்டியாக்கும்," என்றாள் தங்கை.

சி மொழியில் எழுதிய எந்த நிரலுக்கும் பேச ஒரு வாய் திறந்தே இருக்கும். அது திரையைப் பார்த்த வாய். ஃப்ரீஓப்பன் என்ற கட்டளை அதே வாயைப் பிடித்து ஒரு ஃபைல் பக்கம் திருப்பிவிடும். நிரலில் வேறு எதையும் தொட வேண்டாம். சோம்பேறிகளுக்குச் சொர்க்கம். ஆனால் திருப்பிவிட்டால் எல்லாம் திரும்பும். அளவுகள் மட்டுமல்ல, நிரல் ஆளைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளும் ஃபைலுக்குத்தான் போகும். இதை அவன் யோசிக்கவில்லை. இன்னொன்றையும் யோசிக்கவில்லை.

"ஃபைலைக் காட்டுங்க."

அவன் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து, இந்தக் கணினியோடு இணைத்து, ஃபைலைத் திறந்து காட்டினான். கடைசி வரி பாதியில் அறுந்திருந்தது. ‘பெட்டி 2: 4.’ அதற்குமேல் ஒன்றுமில்லை. புள்ளிக்குப் பின்னால் இலக்கம் இல்லை.

"அந்த நேரத்துல நிரல் செத்துப்போச்சு," என்றான்.

"செத்ததுக்கா விளக்கு மின்னுது?" பக்கத்து அறையில் குளிர்பெட்டியின் கதவோரம் அளவியின் பச்சை விளக்கு தடுப்புக் கண்ணாடி வழியே தெரிந்தது. நிரல் சூட்டின் அளவைக் கேட்கும்போதுதான் அது சிமிட்டும். இப்போது சிமிட்டியது.

அவன் முகம் மாறியது. "அட."

"என்ன அட?" என்றார் டாக்டர்.

"திரைக்குப் பேசும்போது வரிக்கு வரி கொட்டிடும் டாக்டர். ஃபைலுக்குன்னா அப்படி இல்ல. ஒரு வாளி ரொம்புற வரைக்கும் உள்ளேயே சேர்த்து வச்சிருக்கும். ரொம்பினாத்தான் கொட்டும். ஒரு வாளி நேத்து சாயங்காலம் கொட்டியிருக்கு. வாளிக்கு இலக்கமும் தெரியாது, புள்ளியும் தெரியாது. அதான் பாதியில நிக்குது. ராத்திரிப் பேச்சு முழுக்க அடுத்த வாளியில இருக்கு."

"அந்த வாளி எங்க?"

"இந்தக் கணினியோட நினைவுல. ஆஃப் பண்ணியிருந்தா போயே போச்சு."

டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கணவன் விசைப்பலகை முன் குனிந்தான். விரல்கள் பழக்கத்தில் கன்ட்ரோலுக்கும் சி எழுத்துக்கும் போயின. ஓடும் நிரலை நிறுத்த ஆயுசுக்கும் அவன் அதைத்தான் அழுத்தியிருக்கிறான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "கழுத்தை நெரிச்சா வாளியைக் கொட்டிட்டா சாகும்?"

அவன் கையை எடுத்துக்கொண்டான். "சாரிம்மா."

"அதுவா வெளிய போகணும். போறப்ப கொட்டிட்டுத்தான் போகும். அது காட்டுற கட்டளைப் பட்டியல்ல ஒன்பதாவது, ‘மூடு’."

"பட்டியல்தான் தெரியலியே அண்ணி. நான் என்னத்தத் தட்டினாலும் பேசாம நிக்குது."

"அது பேசுது. நமக்குக் கேக்கல. நாம பேசுறது அதுக்குக் கேக்கும். காது கீபோர்டுலதான் இருக்கு, அதை யாரும் திருப்பல. நீ என்ன தட்டின? யோசிச்சுச் சொல்லு."

நாத்தனார் கண்ணை மூடினாள். "முதல்ல எட்டு. பழசைக் காட்டும்னு நெனச்சேன்."

கணவன் நாக்கைக் கடித்தான். எட்டு, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது.

"அப்புறம்?"

"ஒண்ணும் வரலைன்னு விட்டுட்டேன். தொடவே இல்ல."

அப்படியென்றால் நிரல் இன்னும் அங்கேதான் நிற்கிறது. ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று யாருக்கும் தெரியாமல் கேட்டுவிட்டு, அளப்பதை நிறுத்தாமலே பதிலுக்குக் காத்திருக்கிறது. ஆம் என்று ஓர் எழுத்து விழுந்தால் ஃபைலும் போகும், வாளியும் போகும்.

"இப்ப ஒன்பது போட்டா?" என்றான் கணவன்.

"தப்பான பதில்னு எடுத்துக்கிட்டுத் திரும்பவும் அதையே கேக்கும். நமக்கு எங்க நிக்கிறோம்னு குழம்பிடும். வெறும் என்டர் தட்டினா எங்கேயிருந்தாலும் பட்டியலுக்கு வந்துடும். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"நிச்சயமா?"

"நான் எழுதினது."

ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்டர். திரையில் ஒன்றும் இல்லை. ஒன்பது, என்டர். ஒன்றும் இல்லை. இப்போது அது பெயர் கேட்கும். மூடுவது யார் என்று பதிய வேண்டுமென்று பிடிவாதமாகச் சேர்த்ததும் அவள்தான். அன்றைக்குக் கணவன் கேலி செய்தான். தன் பெயரை நிதானமாக அடித்தாள். என்டர். இனி ‘மூடவா?’ கறுப்புத் திரையைப் பார்த்து, நேரில் கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல, ஆம் என்பதற்கான எழுத்தைத் தட்டினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. திரையில், அடுத்த கட்டளையைக் கேட்கும் கணினியின் சொந்த வரி வந்து நின்றது.

"போயிடுச்சா?" என்றார் டாக்டர், தணிந்த குரலில்.

"நல்லபடியா போயிடுச்சு."

கணவன் ஃபைலை மறுபடி திறந்தான். ‘4.’ என்று அறுந்த இடத்தில் ஒரு மூன்று ஒட்டியிருந்தது. அதன் கீழே இரவு முழுவதும் வரிசையாக நின்றது. நாத்தனார் அவனைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். மின்சாரம் போன இடத்தில் எண்கள் ஏறத் தொடங்கின. இரண்டாம் பெட்டி ஐந்தைத் தாண்டியது, ஐந்தரையைத் தொட்டது, பிறகு இறங்கியது. முதல் பெட்டி ஏறியது. ஆறு. ஆறரை.

நாத்தனாரின் விரல் அங்கே நின்றது.

"ரெண்டாவது பெட்டி இருக்கட்டும்," என்றாள். "முதல் பெட்டி முழுக்கப் போகுது."

"அரை டிகிரிதானே," என்றான் அண்ணன்.

"உன் உடம்புல ஏத்தட்டுமா?"

அவன் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"மாடிக்கு?" என்றார் டாக்டர்.

"ரெண்டாவது பெட்டியில இருக்கிறது போதும். தாராளமா ஆரம்பிக்கச் சொல்லுங்க."

டாக்டர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நாத்தனார் கையுறையை மாட்டினாள்.

கணவன் நிரலைத் திறந்து தன் வரியை அழித்தான். "பதிவுக்குத் தனியா ஒரு ஃபைல் திறந்துடறேன். திரை திரையா இருக்கட்டும்."

"ஒவ்வொரு வரி எழுதினதும் கொட்டச் சொல்லுங்க. வாளியை நம்பி இருக்க வேண்டாம்."

"சரி."

அவன் அடிக்க அடிக்க அவள் பக்கத்தில் நின்று படித்தாள். ஓரிடத்தில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. சொல்வதற்குள் அவனே போட்டுவிட்டான். நிரலை மறுபடி ஓட்டினார்கள். திரை பெட்டிகளின் சூட்டைச் சொல்ல ஆரம்பித்தது.

அடுத்த அறையில் நாத்தனார் முதல் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பையாக எடுத்துச் சிவப்புத் தொட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். எறியவில்லை. யாரோ கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போன ரத்தம். அவள் ஹெல்மெட்டை மேசையில் வைத்துவிட்டு, கையுறைப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி உருவிக்கொண்டு உதவிக்குப் போனாள்.