பதினோரு பாட்டில்கள்

நாற்பத்தாறாம் நாள் காலையில் ஒரு பாட்டிலில் பச்சை தெரிந்தது. அந்த வாரம் முடிவதற்குள் பதினொன்றில் தெரிந்தது.

சர்க்கரைப் பீட் பாட்டிலுக்குள் அவ்வளவு எளிதாகத் துளிர்க்காது. கடையில் விற்கும் சிவப்புப் பீட்ரூட்டின் வெள்ளைச் சொந்தம் அது. குளிர்நாடுகளில் அதிலிருந்து சர்க்கரை எடுக்கிறார்கள். நம் வெயிலில் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். அழுகலைத் தாங்கும் ஒரு மரபணுவை அதற்குள் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. உத்தமபாளையத்துக்கு வெளியே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது ஆய்வகம். பல வருடங்களாகத் திசு வாழைக் கன்று மட்டுமே செய்த இடம். பீட்டுக்காக என்னைப் புதிதாக எடுத்தார்கள்.

நான் போடிக்காரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவதோடு சரி, அதற்குப் பிறகு அன்று என் குரலை நானே கேட்பதில்லை. ஆய்வகத்தில் என்னிடம் பேசுகிறவர் நாகஜோதி அக்கா ஒருவர்தான். பாட்டிலில் செடி வளர்வதற்கான ஊட்டக் கூழை அவர்தான் காய்ச்சுகிறார்.

"ஏத்தா சீலா, ஒன் வாய்க்குப் பூட்டுப் போட்டு சாவிய முல்லையாத்துல எறிஞ்சிட்டாகளா?" என்பார். நான் சிரிப்பேன். டிபன் பாக்ஸ் மூடியில் எனக்கும் கொஞ்சம் சோறு வைத்து நகர்த்துவார்.

பதினொன்றும் துளிர்த்த அன்று, ஆய்வகத்தின் முதலாளி சுரேஷ்கண்ணன் சார் எல்லோரையும் கூப்பிட்டார். "என்ன படிச்சு என்ன? இது நாகஜோதி கைராசி. இனிமே பீட்டுக்கு வேற யாரும் கூழ் காய்ச்சக் கூடாது," என்றார்.

சாப்பிடும்போது அக்கா சொன்னார். "சுருளிப்பட்டியில நடவுன்னா மொத நாத்துக்கு என்னயத்தான் கூப்பிடுவாக. அவரு போனதுக்கப்புறம் கூப்பிடறதில்ல. வரப்புல நின்னாக்கூட அங்கன தள்ளி நில்லும்பாக. சாருக்கு அதெல்லாம் தெரியாது போல."

"தெரிஞ்சாலும் சார் ஒங்களத்தான் கூப்பிடுவாரு," என்றேன்.

"பாத்தியா, பேசுறா."

துளிரில் மரபணு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஏறியிருந்தால் திரையில் ஒரு கோடு ஒளிரும். ஒப்பிடுவதற்காக விட்டிருந்த சுத்தமான மரபணு ஒளிர்ந்தது. அதற்குப் பக்கத்தில் பதினோரு இடமும் இருட்டாக இருந்தது. மறுபடி செய்தேன். புது இலை கிள்ளி மூன்றாம் முறையும் செய்தேன். இருட்டுதான்.

மரபணு ஏறாத செல்களைக் கொல்வதற்கென்றே கூழில் ஒரு மருந்து சேர்க்கிறோம். அது வேலை செய்திருந்தால் இந்தப் பதினொன்றும் வெளுத்துச் செத்திருக்க வேண்டும். எனக்குக் காரணம் தெரியவில்லை. சார் கேட்டபோதெல்லாம் "இன்னும் முடியல சார்" என்று சொல்லி வந்தேன். திங்கட்கிழமை அவர் பாட்டில்களைக் கோயம்புத்தூருக்கு, ஆய்வை ஒப்படைத்த கம்பெனிக்கு எடுத்துப் போவதாக இருந்தார்.

சனிக்கிழமை கூழ் அறைக்குப் போனேன். அக்கா அடுத்த தொகுதிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். உப்புகள், சர்க்கரை, கூழை உறைய வைக்கும் அகார் எல்லாம் கலந்தார். ஃபிரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து அதையும் ஊற்றினார். கூழைப் பாட்டில்களில் பிரித்து, நாங்கள் குக்கர் என்று சொல்லும் ஆட்டோகிளேவுக்குள் அடுக்கினார்.

அப்போதுதான் புரிந்தது. வாழைக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துதான் குக்கரில் வேகவைப்பார்கள். வாழைக்கு இந்த மருந்து கிடையாது. பீட் கூழ் வெந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் இதை ஊற்ற வேண்டும். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நானும்.

இனிமேல் மருந்தைக் கடைசியில் ஊற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். கோயம்புத்தூரில் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். பிறகு எல்லோர் முன்னாலும் சார் வாயால் அக்கா அதைக் கேட்பார். இப்போது சொன்னால் என் வாயால் கேட்பார். அதற்கப்புறம் என்னிடம் பேசுவாரா, தெரியவில்லை.

"என்ன, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றபடி மூடியைத் திருகப் போனார்.

"மூடாதீங்கக்கா."

"ஏன், பாட்டில் கொறையுதா? எண்ணித்தான் வச்சேன்."

"அந்த மருந்து சூட்டுல செத்துப்போகும். போன தடவையும் செத்திருக்கும்."

அவர் சிரித்தார். "நல்லா இருக்கே. அப்ப பதினொண்ணு எப்படித் துளுத்துச்சு? சும்மாவா?"

அவர் கை மூடியின் மேலேயே இருந்தது. கூழ் அறையில் வேறு யாரும் இல்லை.

"மூணு தடவ பாத்துட்டேன்க்கா," என்றேன். "பதினொண்ணுல ஒண்ணுலகூட நாம வச்ச ஜீன் இல்ல."