பாறையில் செதுக்கிய கப்பல்

"இந்தக் கப்பல் வருகுதோ, போகுதோ?"

அவர் என்னிடம்தான் கேட்டார். காங்கேசன்துறைக் கடலோரச் சின்னப் பூங்காவில், ஆளுயரப் பாறை ஒன்றில் அந்தப் பழைய பாய்க்கப்பலைச் செதுக்கியிருக்கிறார்கள். உப்புக்காற்று பாதியைத் தின்றுவிட்டது.

சைவக்காரர் என்றால் கோயில் வீதியில் தற்செயலாகச் சந்திப்பதுபோலப் பெண் பார்த்துவிடுவார்கள். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். சேர்ச்சில் பார்த்துச் சரிவராவிட்டால் எங்கள் ஊர் இணுவில் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் தரகர் ஜெபரட்ணம் மாமா இந்தப் பூங்காவைச் சொன்னார். இரண்டு பகுதியும் கப்பல் பார்க்க வந்தவர்கள்போல நிற்கவேண்டும்.

பார்க்க வந்தது ஜெயந்தினி அக்காவை. அவளுக்கு முப்பத்துமூன்று, எனக்கு இருபத்தாறு. வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் சரிவராவிட்டால் இனி ஒருவருக்கு முன்னாலும் போய் நிற்கமாட்டேன் என்று, சாறிக்கு ஊசி குத்தும்போது அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளை றயன் தாயுடன் வந்தார். மாமா அக்காவைக் கண்ணால் காட்டினார். அக்கா ஒருதரம் சிரித்தாள். பிறகு கூச்சம் தாங்காமல், ஐஸ்கிறீம் வாங்கி வருகிறேன் என்று வாசலுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் அவர் என்னிடம் கேட்டார்.

வகுப்பில் வாசிக்கச் சொன்னாலே எனக்குக் குரல் வராது. அதனால்தான் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டேன். ஆனால் அந்தக் கப்பலை வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போகுது," என்றேன். "ஆக்கள் எல்லாரும் பின்னுக்கு நிண்டு பாக்கினம். வாறவையெண்டால் முன்னுக்கெல்லோ நிப்பினம்."

அவர் குனிந்து பார்த்தார். தாயையும் கூப்பிட்டுக் காட்டினார். என்னை இன்னும் ஏதேதோ கேட்டார், நானும் சொன்னேன். பிறகு தாயும் மகனும் மாமாவைத் தனியே அழைத்துக் கதைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

மாமா அம்மாவிடம் வந்தார்.

"அவைக்குச் சின்னவளைத்தான் பிடிச்சிருக்காம்."

"அவள் ஓ.எல். சோதனை கூட எடுக்கேல்லை, அண்ணை."

"படிப்பை ஆர் கேட்டது? கதைக்கிற விதம் பிடிச்சுதாம்."

மூத்தவள் இருக்க இளையவளை எப்படி என்று அம்மா தொடங்கினாள். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுறமெண்டு சொல்லுங்கோ," என்றாள்.

திரும்பினால் அக்கா நின்றாள். போனவர்களுக்கும் சேர்த்து ஐஸ்கிறீம் வாங்கியிருந்தாள். கப்புகளை உட்காரும் வாங்கில் ஒவ்வொன்றாக வைத்தாள். "அக்கா," என்றேன். அவள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பின்னால் நான் ஏறி வந்த ஸ்கூட்டியை எடுத்து, என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.