சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

காளியம்மா அத்தை அடுப்பை அணைத்தாள். கோமளா மறுபடியும் பற்ற வைத்தாள்.

"அண்ணி, சொன்னா கேளுங்க. பொணத்த வீட்டுல வச்சிக்கிட்டு யாராச்சும் அடுப்பு மூட்டுவாங்களா? குளிப்பாட்டச் சுடுதண்ணி வேணும்னா பக்கத்து வீட்ல கேட்டா தர மாட்டாங்களா?"

"பக்கத்து வீட்ல கொதிக்க வைக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? லேசா ஆவி வந்தா அணைச்சிருவாங்க. அந்தத் தண்ணிய உங்க அண்ணன் மேல ஊத்த விடமாட்டேன்லா."

உங்க அண்ணன் என்றது கூடத்தில் கட்டை விரல்கள் கட்டப்பட்டுக் கிடந்த தங்கையாவை. விடிகாலையில் போன உயிர். வெளியே பெஞ்சு போட்டாயிற்று, அரப்பு கரைத்தாயிற்று, தண்ணீர்தான் வரவில்லை. மகள் திலகா யார் பக்கமும் பேசாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

பெம்பானில் இந்த வரிசை வீட்டுத் தாமானுக்குக் குடிவந்த புதிதில், ஒரு மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் ஒரு வாரத்தில் மறந்துபோனார்கள். கோமளா பிடித்தால் பிடித்த பிடிதான். பெரிய பானையில் சீரகம் போட்டு, முழுப் பானை அரைப் பானையாகச் சுண்டும்வரை விடமாட்டாள். தங்கையா லோரி ஓட்டப் போனாலும் அந்தத் தண்ணீர் ஃபிளாஸ்க்கில் கூடப் போகும். புதுசாய் வாங்கிப் போட்ட கேஸ் தோங் சீக்கிரம் தீர்கிறது என்று முணுமுணுப்பாரே தவிர, வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடித்தவரில்லை. சிறுநீரகத்தில் புற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு கோமளா இன்னும் அதிக நேரம் கொதிக்க வைத்தாள்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து வீடு வீடாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். விவரம் சொல்லத் திரும்பி வந்த அன்று கோமளா கோயிலுக்குப் போயிருந்தாள்; திலகாதான் கேட்டுக்கொண்டாள். ஒட்டாத சட்டிக்கும் மழைச்சட்டைக்கும் பூசுகிற ரசாயன வகை ஒன்று தண்ணீரில் இருக்கிறதாம். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையாம். தண்ணீர் வாரியத்தில் கேட்டதற்கு, சோதிக்க வேண்டியதெல்லாம் சோதித்துச் சரியாக இருக்கிறது, இதைச் சோதிக்கச் சொல்லி விதி இல்லை என்றார்களாம். கொதித்தால் கிருமி சாகும், இது சாகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக இது அடியில் தங்கிக் கூடும் என்றும் அவள் சொன்னாள். அப்பாவின் நோய் இதனால்தானா என்று திலகா கேட்டதற்கு, ஒரு ஆளைக் காட்டி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள்.

மறுநாளிலிருந்து திலகா கடையில் போத்தல் தண்ணீர் வாங்கி வந்து வைத்தாள். கோமளா அதையும் கொதிக்க வைத்தாள்.

இப்போது பானை மூடி தடதடத்தது. காலையில் ஜொகூரிலிருந்து வந்து சேர்ந்த சித்தப்பா மகன் குகன், சண்டையைத் தீர்த்து வைக்கும் நல்லெண்ணத்தோடு உள்ளே நுழைந்தான். ஏதோ பெக்டரியில் லேப் வேலை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாத பிள்ளை.

"பெரியம்மா, பாய்ல் பண்ணா பேக்டீரியாதான் போகும். இங்க தண்ணில இருக்கறது கெமிக்கல்லா, பேஸ்புக்லகூட வந்துச்சு. நீங்க பாய்ல் பண்ணப் பண்ண அது இன்னும்..."

"குகா!"

திலகாவின் குரல் அதட்டலாகவே வந்துவிட்டது. கோமளா கரண்டியோடு திரும்பினாள்.

"இன்னும் என்னடா?"

 திலகா இருவருக்கும் குறுக்கே வந்து நின்றாள். அப்பா போனதை அம்மா தாங்கிக்கொள்வாள். தன் கையால் இத்தனை வருஷம் சுண்டச் சுண்ட ஊற்றிக் கொடுத்தது என்னவென்று தெரிந்தால் தாங்கமாட்டாள்.

"இன்னும் நல்லா கொதிக்கணும்னு சொல்றான்மா. சும்மா சூடு காட்டுனா பத்தாதாம். நீ செய்யறதுதான் சரியாம்."

"அப்படியாடா?"

குகன் திலகாவைப் பார்த்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஆமா பெரியம்மா."

கோமளாவின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக இளகியது. "டாக்டரே கேட்டாரு. ஒரு வருஷம்தான்னு சொன்னோமே, எப்படி இவரு மூணு வருஷம் தாங்குனாருன்னு. தண்ணிதான் டாக்டர்னு சொன்னேன். சிரிச்சாரு."

காளியம்மா அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அடுப்பில் கை வைக்கவில்லை.

ஆண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்சம் ஆறியதும், ஊற்றுவதற்கு முன் கோமளா கையை விட்டுச் சூடு பார்த்தாள். ஒவ்வொருவராகத் தலையில் எண்ணெயும் அரப்பும் வைக்க, தங்கையா நன்றாகவே குளித்தார். வேட்டி மாற்றி உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் கோமளாவைக் காணோம். எரிகிற அடுப்பு வீணாகப் போவானேன் என்று சின்னப் பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்துச் சீரகம் போட்டு ஏற்றியிருந்தாள். ஆற்றி ஒரு கிளாஸில் ஊற்றித் திலகாவிடம் கொண்டுவந்தாள்.

"காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல உனக்கு. குடி."

வாசலில் நின்ற குகன், வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினான். திலகா அவனைப் பார்க்கவில்லை. கிளாஸை வாங்கி, அம்மா பார்த்துக்கொண்டே இருக்க, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

கோமளா காலிக் கிளாஸை வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றி வர அடுப்படிக்குப் போனாள்.