யார் பார்க்கிறீர்கள்?

“எல்லாத்தையும் ஒன் இஷ்டத்துக்கு மாத்திக்கோ ஷெர்லின். அந்த ஹார்டு டிஸ்க்ல இருந்து எதையும் அழிச்சிராத, அவ்வளவுதான்.”

“அப்படி என்ன புதையலா இருக்கு?”

“இருந்தாலும் இருக்கும். பூதம் காவல் நிக்கும், பாத்துக்கோ.”

கல்யாணமான மறுவாரம் எபனேசர் இப்படிச் சொல்லிச் சிரித்தான். சின்ன கம்ப்யூட்டரையும் ஹார்டு டிஸ்க்கையும் கட்டிலில் வைத்துவிட்டு, செங்கோட்டையிலிருக்கும் தன் பெயிண்ட் கடைக்குக் கிளம்பிப் போனான்.

ஷெர்லின் குற்றாலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். சனிக்கிழமை உட்கார்ந்து, டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்தாள். படம், பாட்டு, சீரியல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டும் மென்பொருளை ஏற்றினாள். எதையும் அழிக்காதே என்று சொல்லியிருந்தானே; அதனால் டிஸ்க்கில் இருந்த பழைய அமைப்பையே அப்படியே மீட்டெடுத்தாள்.

திரை வெளிச்சமாகி, ‘யார் பார்க்கிறீர்கள்?’ என்று கேட்டது. கீழே இரண்டு வட்டங்கள். ஒன்றில் எபனேசர். மற்றதில் சுகிர்தம்.

சுகிர்தம் அவனுடைய முதல் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சல் முற்றி, திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகும் வழியில், புளியறை தாண்டியதும் இறந்துபோனாள். ஷெர்லினுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பேச்சு அந்தப் பெயர்ப்பக்கம் போனாலே அவன் வீட்டு ஆட்கள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். நிச்சயம் செய்த நாளிலிருந்து அவனிடம் கேட்க நினைத்தது தொண்டை வரை வந்து திரும்பிக்கொண்டிருந்தது. கேட்டால், இந்த வீட்டில் தனக்கு எவ்வளவு இடம் என்பது தெரிந்துபோகும். அந்தப் பயம்.

சுகிர்தத்தின் வட்டத்தைத் தொட்டாள். ஒரே ஒரு மலையாள சீரியல். பார்த்து முடித்த பகுதிகளுக்கெல்லாம் டிக் குறி. ஒன்றில் மட்டும், பார்த்த அளவைக் காட்டும் பச்சைக் கோடு பாதியில் நின்றிருந்தது. சட்டென்று மூடிவிட்டாள்.

மறுவாரம் மனசு கேட்காமல் திறந்து பார்த்தாள். பாதியில் நின்றது முடிந்திருந்தது. அதற்கு அடுத்த பகுதிக்கும் டிக் விழுந்திருந்தது.

மறுநாள் துணி காயப்போடும்போது, பக்கத்து வீட்டுச் சங்கரேஸ்வரி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“ஏட்டி, நீ எப்ப மலையாளம் படிச்ச?”

“நானா? என்னக்கா சொல்லுதீங்க?”

“மத்தியானம் ஒங்க வீட்டுல ஒருத்தி ஒப்பாரி வைக்கா. வாசல்ல பூட்டுத் தொங்குது, உள்ள டிவி ஓடுது. கரெண்டு என்ன சும்மாவா வருது?”

ஷெர்லின் சிரித்து வைத்தாள். கையிலிருந்த சேலை நழுவி ஈரத் தரையில் விழுந்தது.

அன்று சாப்பிடும்போது கேட்டாள். “மத்தியானம் வீட்டுக்கு வந்தீங்களா?”

“இல்லையே. கடையில ஏது நேரம்?” தட்டிலிருந்து முகத்தை அவன் எடுக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் டிக் குறி ஒன்றொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். ஷெர்லின் தென்காசியிலிருக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வாசலில் பூட்டுத் தொங்கியது. உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள்.

பூட்டைத் திறந்தாள். கதவைத் தள்ளினாள்.

எபனேசர் சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். மறு ஓரத்தை யாருக்கோ விட்டுவைத்தது போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். திறந்திருந்த பின்கதவருகே அவனுடைய குடை சொட்டிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்ததும் சீரியலை நிறுத்தினான். வீடு அமைதியானதும் மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

“அவ பாதியில விட்டது,” என்றான். “ஆம்புலன்ஸ்ல கூடக் கேட்டா, சீரியல்ல வார அந்தப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பிருச்சான்னு. பாத்துச் சொல்லுதேன்னேன். ரெண்டு வருசமா தொறக்கவே தைரியம் வரல. நீ இதைச் சரிபண்ணி வச்சப்புறம்…”

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

“இதுதான் கடைசி.”

பச்சைக் கோடு முடிய விரலகலம்தான் மிச்சம் இருந்தது.

“இது முடிஞ்சா?”

அவன் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான், யாரோ பிடுங்க வருவது போல.

ஷெர்லின் நனைந்த சேலையோடு அவன் காலருகே தரையில் உட்கார்ந்தாள். காலியாக இருந்த ஓரத்தை ஒருமுறை பார்த்தாள். தொண்டையில் இருந்தது இந்தத் தடவை திரும்பிப் போகவில்லை.

“சுகிர்தம் அக்காவப் பத்தி எங்கிட்டச் சொல்லுங்க.”